இருள் எங்கே இருந்தது?

“இருண்ட கண்டம்!”

இரண்டே சொற்கள். பள்ளிப் பருவத்திலே செவிவழி புகுந்தவை; தலை நரைத்த பின்னரும் வெளியேற மறுப்பவை. ஆப்பிரிக்கா என்று ஆசிரியர் வாய் திறந்ததும், நம் மனத்திரையில் ஒரு படம் ஓடத் தொடங்கிவிடும். அடர்ந்த காடு, அதிலே சிங்கம். இடுப்பிலே இலையாடை, கையிலே ஈட்டி. தீயைச் சுற்றி ஆட்டம், திக்கெட்டும் முழவொலி. எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை, அதற்குக் கஞ்சி ஊட்டும் வெள்ளைக்கார மாது! அவ்வளவுதான். கண்டம் முடிந்தது, பாடம் முடிந்தது, மணியும் அடித்துவிட்டது.

யார் தீட்டிய படம் இது? 1878ஆம் ஆண்டிலே ஸ்டான்லி என்பார், தாம் அந்தக் கண்டத்தை ஊடுருவிச் சென்ற கதையை ஏடாக்கி, அதன் தலைப்பிலேயே இருட்டை ஏற்றிவைத்தார். எதை இருட்டு என்றார்? அவருக்கும் அவர் நாட்டாருக்கும் தெரியாததை! அங்கே வாழ்ந்தவனுக்குத் தன் ஊர் தெரியும். தன் ஆறு தெரியும். அது எங்கே பிறந்து எங்கே கலக்கிறது என்பதும் தெரியும். அவன் கண்ணுக்கு அங்கே இருளில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகம் இருண்டதென்று எண்ணுமாம். அந்தப் பூனையின் சொல்லை வாங்கி, நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தோம் நாம்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர். சிற்றூர்ப் பள்ளியிலே வரலாறு கற்பிப்பவர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, ஆப்பிரிக்கா என்றதும் தோன்றுவதை எழுதச் சொன்னாராம். சிங்கம், காடு, கறுப்பு, பசி, நோய் என்று தாள்கள் நிறைந்தன. ஒரு பையன் எழுதியிருந்தான்: “மனிதரைத் தின்பவர்கள்.” ஆசிரியர் அவனை அழைத்து, “எங்கே படித்தாய் தம்பி?” என்று கேட்டார். படிக்கவில்லை என்றான். “யார் சொன்னார்கள்?” யாரும் சொல்லவில்லை என்றான். “பின் எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியுமே ஐயா!”

அந்த விடையை என்னிடம் சொன்னபோது ஆசிரியர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம் இருக்கிறது.

2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் பள்ளி மாணவன் ஒருவன் காணாமற் போனான். அண்டையிலே குடியிருந்த நைஜீரிய மாணவர்கள் மீது ஐயம் பிறந்தது. அவனைக் கொன்று தின்றுவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பிற்று! படிக்க வந்த பிள்ளைகளின் வீட்டுக்குள் புகுந்து தேடினர். பையன் உயிரோடு திரும்பினான். ஆனால் விரைவிலேயே இறந்து போனான். போதைப் பொருளால் நேர்ந்த சாவு என்று ஐயுற்றனர். பழி மீண்டும் அந்த அயல்நாட்டு மாணவர்கள் தலையிலேயே விழுந்தது. அடுத்து வந்த நாட்களில், அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆப்பிரிக்க இளைஞர்கள், கறுத்த தோல் ஒன்றே குற்றமாகக் கண்ட இடத்தில் தாக்கப்பட்டனர். வணிக வளாகம் ஒன்றிலே கும்பலாகச் சூழ்ந்து, கையிற் கிடைத்ததைக் கொண்டு அடித்ததை நாடே படமாகப் பார்த்தது.

அடித்தவர்கள் காட்டிலிருந்து வந்தவர்களா? இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள்! அவர்களும் ஒரு நாள் வகுப்பறையிலே உட்கார்ந்து, “எல்லாருக்கும் தெரியுமே ஐயா” என்று சொல்லியிருப்பார்கள். அன்று எவரும் மறுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு வினா எழும், எழுப்ப வேண்டியதும்கூட. பொதுமைப்படுத்தாமல் மனித மனம் வாழ முடியுமா? நெருப்புச் சுடும் என்று ஒருமுறை அறிந்த குழந்தை, ஒவ்வொரு விளக்கிலும் விரலை வைத்தா பார்க்கிறது? கண்ட சிலவற்றைக்கொண்டு காணாத பலவற்றை ஊகிப்பதுதானே அறிவு? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டு அடுக்களையிலேயே இந்தத் தத்துவம் வழங்குகிறதே. அப்படியிருக்க, ஓரிருவரைக் கண்டு ஓரினத்தை மதிப்பிடுவது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

நல்ல கேள்வி. பழமொழியையே விடை சொல்லச் செய்வோம். ஒரு சோறு ஏன் பதம் காட்டுகிறது? எல்லாச் சோறும் ஒரே பானையிலே, ஒரே உலையிலே, ஒரே தீயிலே வெந்ததால். மக்களினம் ஒரு பானையல்ல! ஆப்பிரிக்கா என்னும் பெயரால் நாம் சுட்டுவது ஏறத்தாழ மூன்று கோடிச் சதுரக் கிலோமீட்டர் நிலப்பரப்பு, ஐ.நா. அவையிலே 54 நாடுகள். 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். இரண்டாயிரத்தை ஒட்டிய மொழிகள். எந்தப் பானையிலிருந்து எந்தச் சோற்றை எடுத்தோம்? அதுவும் நாமே எடுத்தோமா, பிறர் எடுத்துக் காட்டியதைக் கண்டோமா?

இன்னொன்றும் உண்டு. ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்தவள், பந்தியிலே சோறு வேகவில்லை என்று நாலுபேர் சொன்னால், “நான் பார்த்தாயிற்று, வெந்துவிட்டது, உண்ணுங்கள்!” என்று அதட்டுவாளா? மீண்டும் அடுப்பிலே ஏற்றுவாள். ஊகிப்பது பிழையன்று. ஊகம் பொய்த்த பிறகும் அதை விட மறுப்பதே பிழை. அறியாமைக்கும் தப்பெண்ணத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அறியாதவன் சொன்னால் கேட்பான். தப்பெண்ணம் கொண்டவனோ சொல்லச் சொல்லச் செவியை அடைப்பான்.

மிகைபடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். செவியை அடைத்த கதையொன்று கல்லிலே நிற்கிறது.

அதே ஆசிரியர் இன்னொரு நாள் ஒரு நிழற்படத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். ஏறத்தாழ 11 மீட்டர் உயரம். வளைந்து வளைந்து செல்லும் சுற்று 250 மீட்டர் அளவு. செங்கல் போலச் சீராக உடைத்த கருங்கற்களை அடுக்கி எழுப்பிய மதில். உள்ளே கூம்பு வடிவிலே ஒரு கோபுரம். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்மீது கல் அமர்ந்த அமைப்பே காவல்! மதிலின் உச்சியிலே ஒரு பக்கம் கோணல் கோணலாய் ஓடும் கோலவேலை. “யார் கட்டியது?” என்றார். “ரோமர்” என்றனர் சிலர். “எகிப்தியர்” என்றாள் ஒருத்தி. “ஆங்கிலேயர்”, “ராஜபுத்திரர்” என்றெல்லாம் விடைகள் வந்தன. பற்றுமிகுந்த பையன் ஒருவன் “சோழர்!” என்றானாம். கட்டியவரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மதில், தென்னாப்பிரிக்க நாட்டுக்கு வடக்கே, ஜிம்பாப்வே நாட்டில் மஸ்விங்கோ நகருக்கு அருகே நிற்கிறது. ‘பெரிய ஜிம்பாப்வே’ என்பது அதன் பெயர். இன்று அங்கு வாழும் ஷோனா மக்களின் முன்னோர், 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையில் எழுப்பி வாழ்ந்த தலைநகர் அது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்க, அப்பகுதிக் கருங்கற் பாறைகள் அடுக்கடுக்காய் உரிந்து கொடுக்கும். அந்த இயல்பைக் கண்டுகொண்டு, பலகை பலகையாகப் பெயர்த்து, அளவாக உடைத்து அடுக்கினர். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த அந்நகருக்குக் கால்நடைச் செல்வம் இருந்தது. பொன் வணிகம் இருந்தது. பொன் கீழைக் கடற்கரைத் துறைமுகங்களுக்குச் சென்றது. அங்கிருந்து சீனப் பீங்கானும் பாரசீகக் கலமும் கண்ணாடி மணிகளும் வந்தன. மணிகளிலே நம் இந்தியக் கரையிலிருந்து கடல் கடந்தவையும் உண்டு! நாம் அவர்களை அறியாதிருந்தோம். நம் ஊர்க் கைவினைஞன் செய்த மணி அவர்கள் கழுத்தை அறிந்திருந்தது.

அந்தக் குழந்தைகள் செய்த பிழையை 1871இல் அறிஞர் ஒருவரும் செய்தார். கார்ல் மாவுக் என்னும் செருமானியர் அந்த இடிபாடுகளைக் கண்டார், வியந்தார். வியந்தவர் அருகிலிருந்த மக்களைப் பார்த்தார்; இவர்களாவது, கட்டுவதாவது என்று தலையை அசைத்தார். வாயிலின் மேலிருந்த மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி முகர்ந்தார். அதன் மணமும் நிறமும் அவரிடமிருந்த எழுதுகோலின் மரத்தை ஒத்திருந்தன. எழுதுகோல் தேவதாரு; எனவே இதுவும் தேவதாரு; தேவதாரு லெபனான் நாட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும்; எனவே இதைக் கட்டியவள் சாலமோன் மன்னனைக் காணச் சென்ற ஷீபா அரசியே! பென்சிலை முகர்ந்தவர் ஒரு பேரரசியைக் கண்டுபிடித்துவிட்டார்! மரமோ அந்த மண்ணிலேயே வளர்ந்தது என்பது பின்னர் தெரிந்தது.

இதை அறியாமை என்று மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது.

1890இல் செசில் ரோட்சின் கம்பெனி அந்நிலத்தைப் பிடித்தது. மறு ஆண்டே பெண்ட் என்பார் அனுப்பப்பட்டார், அகழ்ந்தார், அயலாரே கட்டினர் என்று எழுதினார். 1902இல் ஹால் என்பவர் காப்பாளராக அமர்த்தப்பட்டார். காப்பாளர் என்ன செய்தார்? பிற்காலத்தில் வந்து குடியேறிய ஆப்பிரிக்கர் விட்டுச்சென்ற குப்பை என்று கருதி, மண்ணடுக்குகளை வெட்டி வெட்டி வெளியே கொட்டினார்! வரலாற்றின் ஏடுகள் அந்த அடுக்குகள்தாம். புத்தகத்தின் நடுப்பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட்டு, அட்டையைத் துடைத்து வைத்த கதை. ஈராண்டிலே அவரை நீக்கினர். ஆனால் போன மண் போனதுதான்.

1905இல் ராண்டால் மக்கைவர் என்னும் ஆய்வாளர் சென்றார். முறையாகத் தோண்டினார். இது இடைக்காலத்தது, ஆப்பிரிக்கர் எழுப்பியது என்றார். வெள்ளைக் குடியேறிகள் கொதித்தனர். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்னும் அம்மையார், இரு பெண்களைத் துணைக்கொண்டு சென்று மீண்டும் அகழ்ந்தார். விடை அதுவே! ஐயத்துக்கு இடமின்றி எழுதினார். அப்போதாவது வாய் மூடினார்களா? 1965இல் இயன் ஸ்மித் ஆட்சி தன்னைத் தானே விடுதலை பெற்றதாய் அறிவித்துக்கொண்ட பிறகு, அரசின் வழிகாட்டி ஏடுகளிலே உண்மையை எழுதுவதே குற்றமாகக் கருதப்பட்டது. பழஞ்சின்னத் துறையின் மேற்பார்வையாளராயிருந்த பீட்டர் கார்லேக், கட்டியவர் ஆப்பிரிக்கரே என்பதை மறைக்க மறுத்தார். 1970இல் பதவியையும் நாட்டையும் விட்டு வெளியேறினார்.

கற்கள் பேசின, மண் பேசிற்று, ஆய்வறிஞர் இருவர் கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரே சான்று பகர்ந்தனர். எனினும் ஏற்கவில்லை. ஏன்? அறிவு போதாமையாலா? இல்லை, ஆதாயத்தால்! “இவர்களால் எதையும் கட்ட முடியாது” என்பது பொய்யானால், “ஆகவே இவர்கள் நிலத்தை நாம் ஆளலாம்” என்பதும் சரிந்துவிடுமே! மதில் நின்றால் அரசு விழும். ஆகவே மதிலின் தந்தை பெயரை மாற்றினர். 1980இல் விடுதலை பெற்ற அந்நாட்டு மக்கள் தங்கள் நாட்டுக்கு எந்தப் பெயரைச் சூட்டினர் என்று எண்ணிப் பாருங்கள். ஜிம்பாப்வே! கல் வீடுகள் என்று பொருள்பட்டு நின்ற அந்த இடிபாட்டின் பெயரையே நாட்டுக்கு இட்டனர். அங்கே கிடைத்த கற்பறவையைக் கொடியிலே ஏற்றினர்.

ஏதோ குடியேறிகளின் கொடுமை என்று ஒதுக்கவும் வழியில்லை. ஹெகல் போன்ற தத்துவப் பேராசானே, ஆப்பிரிக்கா உலக வரலாற்றில் சேராதது என்று மாணவர்க்கு விரிவுரை நிகழ்த்தினார். 1963இல் ஆக்சுபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் ட்ரெவர் ரோப்பர், அங்கே ஐரோப்பியர் வரலாறு உண்டு, மற்றது இருளே என்னும் பொருள்படப் பேசினார். மறு ஆண்டே யுனெஸ்கோ, ஆப்பிரிக்க வரலாற்றை ஆப்பிரிக்க அறிஞர்களே முன்னின்று எழுதும் பெருந்திட்டத்தை மேற்கொண்டது. 1981 முதல் 1993 வரை எட்டுத் தொகுதிகள் வந்தன. இருளென்று சொன்ன இடத்திலே எட்டுத் தொகுதிகளுக்குச் செய்தி இருந்தது!

சரி, குடியேறிக்கு நிலம் ஆதாயம். நமக்கு என்ன ஆதாயம்? நம் பையன் ஏன் அந்தப் பொய்யைப் போற்றுகிறான்?

சொல்லக் கூசுகிறது, சொல்லாமலிருப்பதும் முறையன்று. நம்மைவிடக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று எண்ணுவதிலே ஒரு சுகம். அந்தச் சுகமே ஆதாயம். 1968இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்திலே தென்னாட்டு இசையாசிரியர் ஒருவர், குடுமியும் கொச்சை இந்தியுமாய் நகைப்புக்கு இரையாக்கப்பட்டார். “மதராசி” என்று நம்மை ஒரே மூட்டையாகக் கட்டினால் நமக்குக் குருதி கொதிக்கிறது, கொதிக்க வேண்டியதுதான். ஆனால் நம் படங்களிலே கறுத்த முகமே நகைச்சுவையானபோது, கொட்டகையிலே கைதட்டியவர் யார்? தெருவிலே போகிற ஆப்பிரிக்க மாணவனை நாட்டின் பெயரும் கேளாமல், வெறும் நிறத்தால் விளிப்பவர் யார்? கீழடியிலே எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்தால் நம் நெஞ்சு விம்முகிறது. விம்மட்டும், குறையொன்றுமில்லை. ஆயினும் அயலானின் மதிலைக் கண்டு “இவன் கட்டியிருக்க மாட்டான்” என்கிற அதே நாக்குத்தான், “இந்த எழுத்து தமிழனுடையதாயிராது” என்று நம்மிடமும் சொல்லும். ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றொன்றை எதிர்க்க நமக்கு வழியில்லை.

இகழ்ச்சி வேண்டாம், இரக்கம் காட்டுவோம் என்பார் சிலர். இரக்கம் நல்லதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009இல் ஆற்றிய உரையொன்று அந்த எண்ணத்தை அசைத்தது. அமெரிக்காவுக்குப் படிக்கப்போன அவரிடம், உடன் தங்கிய மாணவி, இவ்வளவு நன்றாக ஆங்கிலம் எங்கே கற்றாய் என்று வியந்தாளாம். நைஜீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம் என்பது அவளுக்குத் தெரியாது. காணுமுன்பே இவர்மீது இரக்கம் கொண்டுவிட்டாள் அவள். இதுமட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் வெள்ளையர்மீது ஒரு குற்றச்சாட்டு, கேட்டுவிட்டுப் போயிருப்போம். அவரோ தம்மையும் கூண்டிலேற்றினார். அவர் குழந்தையாயிருந்தபோது வீட்டு வேலைக்கு ஒரு சிறுவன் வந்தான். அவன் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று தாய் சொல்லிச் சொல்லி, அது ஒன்றே அவர் அறிந்தது. ஒருநாள் அவன் ஊருக்குப் போனார். அவன் அண்ணன் நார்கொண்டு பின்னிய அழகிய கூடை ஒன்றைக் காட்டினார்கள். திடுக்கிட்டாராம்! ஏழைகள் என்பதன்றி, அவர்கள் எதையேனும் செய்யக்கூடியவர்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்தக் கூடையை என்னால் மறக்க முடியவில்லை. இகழ்பவன் ஒருவனைச் சிறியவனாக்குகிறான். இரங்குபவனும் அதையேதான் செய்கிறான், கண்ணைத் துடைத்துக்கொண்டு! 1984இல் எத்தியோப்பியாவைப் பஞ்சம் வாட்டியது உண்மை. ஆனால் அந்த உண்மையை மட்டும் காட்டினால், பாறையொன்றை மேலிருந்து கீழாகக் குடைந்து முழுக் கோயிலாக்கிய லாலிபேலாச் சிற்பிகளும் எத்தியோப்பியரே என்பது எப்படித் தெரியும்? மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தேர்களைக் கண்ட நம் பிள்ளைகளுக்கு, உளி பிசகினால் ஒட்டவைக்க முடியாத அந்த வேலையின் அருமையைத் தனியே விளக்கவும் வேண்டுமா?

அப்படியானால் புகழ்ச்சி மட்டும் பாடமாகட்டும் என்பாரும் உண்டு. பொன்னும் மதிலும் மன்னர் பெருமையுமாக ஓர் ஆப்பிரிக்காவை வரைந்து மாட்டலாமே என்பர். அதுவும் படம்தான், சட்டம் மட்டும் தங்கச் சட்டம்! அடிமை வணிகத்திலே தம் அண்டை மக்களைப் பிடித்து விற்ற ஆப்பிரிக்க அரசர்களும் இருந்தனர். அதை மறைத்துப் புகழ்பவன், அந்த மக்களையும் நம்மைப் போலவே நல்லவரும் தீயவரும் கலந்தவராகக் காண மறுக்கிறான்.

சீர்திருத்தம் பேசுவோருக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அயலார் பண்பாட்டை மதிப்பதென்றால், அதிலுள்ள கொடுமைகளையும் மதிப்பதா? ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலே சிறுமியரின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் சடங்கு உண்டு. அது அவர்கள் பண்பாடு, நமக்கென்ன என்று நகர்ந்துவிடலாமா? கூடாது. பெண்ணுக்குச் செய்யும் கொடுமை எந்த மண்ணிலும் கொடுமைதான். எனினும் அதைச் சொல்லும்போது முழுதும் சொல்ல வேண்டும். செனகல் நாட்டிலே மலிக்குண்டா பம்பரா என்றோர் ஊர். அங்கே பெண்கள் தங்கள் தாய்மொழியிலே உடல்நலமும் உரிமையும் கற்றனர், தங்களுக்குள் விவாதித்தனர், 1997இல் இச்சடங்கை விட்டுவிட்டோம் என்று ஊரறிய அறிவித்தனர். அக்கம்பக்கத்தார் ஏசினர். அங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் பல ஊர்களுக்கு இடையே; ஓர் ஊர் மட்டும் விட்டால் அவ்வூர்ப் பெண்ணை யார் மணப்பார்? அதை உணர்ந்த முதியவர் ஒருவர், அவரே ஒரு சமயத் தலைவர், உறவினர் வாழும் ஊர்தோறும் நடந்து சென்று பேசினார். ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இணைந்தன. 1999இல் நாட்டின் சட்டமும் அதைத் தடுத்தது.

சடங்கை மட்டும் சொல்லி, அந்தப் பெண்களைச் சொல்லாது விடுவதே அநீதி. நமக்கும் அது நேர்ந்ததுண்டு. 1927இல் காதரின் மேயோ என்னும் அமெரிக்க மாது ‘இந்திய மாதா’ என்றொரு நூல் எழுதினார். குழந்தை மணத்தையும் தூய்மைக்கேட்டையும் அவர் எழுதியது பொய்யென்று சொல்ல முடியாது. அந்த அழுக்கு இங்கே இருந்தது. ஆனால் அதையே ஒரு மக்களின் இயல்பாக்கி, இவர்கள் ஆளத் தகுதியற்றோர் என்று காட்டினார். அதே 1927ஆம் ஆண்டு, சென்னைச் சட்டமன்றத்திலே முத்துலட்சுமி அம்மையார் எழுந்து, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். அழுக்கும் இங்கேதான் இருந்தது; துடைக்க எழுந்த கையும் இங்கேதான் இருந்தது. மேயோவின் படத்தில் அந்தக் கைக்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலே எப்படிப் புகட்டுவது? ஆண்டு விழாவிலே நாலு நாட்டு உடையுடுத்தி நாலு பிள்ளைகளை மேடையேற்றுவதால் ஆகாது. உடையை அறிவர், உடுத்தவரை அறியார். என் நண்பர் செய்ததைச் சொல்கிறேன். முதலில் உலகப் படத்தைத் தொங்கவிட்டார். 1569இல் மெர்க்கேட்டர் கடலோடிகளுக்காக வகுத்த முறை அது. திசை பிழைக்காது, பரப்பு பிழைக்கும். அதிலே கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தோன்றும். பிறகு உருண்டையிலே மெல்லிய தாளை வைத்து இரண்டையும் வரைந்து வெட்டச் சொன்னார். ஆப்பிரிக்கத் தாளின்மேல் கிரீன்லாந்தை அடுக்கிப் பார்த்தனர். பதினான்கு கிரீன்லாந்து தேவைப்பட்டது! சுவரிலே நாள்தோறும் பார்த்த படமே பொய் காட்டும் என்றறிந்த பிள்ளைகள், அதன்பின் எதைச் சொன்னாலும் “எப்படித் தெரியும் ஐயா?” என்று கேட்கத் தொடங்கினார்களாம். தமக்குச் சற்றுத் தொல்லைதான் என்றார், முகத்திலோ பெருமிதம்.

அடுத்து, கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் கதையைச் சொன்னார். ஆங்கிலத்திலே புகழ்பெற்ற அவர், தாய்மொழியான கிக்கூயுவில் மக்கள் நாடகம் போட்டதற்காக விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டார். 1978இல், சிறையிலே கழிவறைத் தாளிலே, இனி என் புதினம் என் தாய்மொழியிலேயே என்று உறுதிகொண்டு எழுதினார். அந்தப் புதினம் தமிழிலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது. வகுப்பு அசையாமல் கேட்டதாம். மொழிக்காகச் சிறை சென்றோரின் பேரப்பிள்ளைகள் அல்லவா! சிங்கத்தையும் ஈட்டியையும் எழுதிய அதே கைகள், அன்று கூகியின் படத்தை வரைந்தன.

“மனிதரைத் தின்பவர்கள்” என்று எழுதிய பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். திருந்தினான், தெளிந்தான் என்றெல்லாம் ஆசிரியர் கதை கட்டவில்லை. மதிலின் படத்தை மட்டும் கேட்டு வாங்கிப் போனானாம். நாலு நாள் கழித்து வந்து, “கட்டினவங்க இப்ப என்ன பாஷை பேசுறாங்க ஐயா?” என்றானாம். ஷோனா என்றார். “அதுல ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா என்ன சொல்லிக்குவாங்க?” ஆசிரியருக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னார், தேடிச் சொல்வதாக வாக்களித்தார்.

தேடியது கிடைத்தது. காலையிலே சந்திக்கும் ஷோனா மக்கள், “உறங்கினீர்களா?” என்று கேட்பார்கள். அதற்கு அவர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி: “நீங்கள் உறங்கியிருந்தால், நானும் உறங்கினேன்.”

மறுநாள் காலை அதைக் கரும்பலகையிலே எழுதிப்போட்டார். பையன் இரண்டு முறை படித்துவிட்டு, ஆசிரியரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டானாம்: “நீங்க தூங்குனீங்களா ஐயா?”